டிஸ்னி வேர்ல்டு போகுமுன் இஞ்ச் டேப்பை எடுங்கள்

கேள்வி இது: "டல்லாஸில் இருக்கிறோம். மகளுக்கு 8 வயது, மகனுக்கு 4. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருக்கிறார்கள். இருவரும் சைவம், அம்மாவுக்கு முழங்கால் வலி. ஜூலையில் ஆறு பேரும் ஆர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய் நான்கு நாளில் அதன் நான்கு பார்க்கையும் பார்த்துவிடலாம் என்று திட்டம். எப்படிக் கணக்குப் போட்டாலும் 8,000 டாலரைத் தாண்டுகிறது. இவ்வளவு செலவு செய்து போவது தகுமா?"

இந்தத் திட்டப்படி போனால் தகாது. அதே ஆறு பேர் வேறு மாதத்தில், ஐந்து நாளில் மூன்று பார்க் மட்டும், தாத்தா பாட்டிக்கு ஒரே ஒரு நாள் டிக்கெட் என்று போனால் சுமார் 6,000 டாலரில் முடியும், தகும். மிச்சமாகும் 2,000 டாலரைவிடப் பெரிய லாபம், ஐந்து நாளும் யாரும் யார்மீதும் எரிந்துவிழாமல் திரும்பி வருவது.

உங்கள் கேள்வியில் ஒரு எண் விட்டுப்போயிருக்கிறது: மகனின் உயரம். இந்தப் பயணத்தின் மதிப்பைத் தீர்மானிப்பது அதுதான். நான்கு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் 96 முதல் 106 செ.மீ. வரை இருப்பார்கள். டிஸ்னி ரைடுகளின் முக்கியமான இரண்டு உயரக் கோடுகளும் இந்த இடைவெளிக்குள்தான் விழுகின்றன. 97 செ.மீ. (38 இஞ்ச்) தாண்டினால் செவன் ட்வார்ஃப்ஸ் மைன் ட்ரெயின், ஸ்லிங்கி டாக் டேஷ், மில்லேனியம் ஃபால்கன் ஆகியவை திறக்கும். 102 செ.மீ. (40 இஞ்ச்) தாண்டினால் சோரின், டெஸ்ட் ட்ராக், டியானாஸ் பயூ அட்வெஞ்சர், ரைஸ் ஆஃப் தி ரெசிஸ்டன்ஸ், டவர் ஆஃப் டெரர் எல்லாம் திறக்கும். அதற்கு மேலே ஸ்பேஸ் மவுன்டன், எக்ஸ்பெடிஷன் எவரெஸ்ட், அவதார் ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் மூன்றும் 112 செ.மீ.; ட்ரான் 122 செ.மீ. எட்டு வயது மகள் 122-ஐத் தாண்டியிருந்தால் அவளுக்கு எதுவும் அடைப்பில்லை. மகன் 95 செ.மீ. என்றால் இந்தப் பட்டியலில் ஒன்றில்கூட ஏற முடியாது. அவனுக்கும் டிக்கெட் உண்டு. மூன்று வயதுக்குக் கீழே இலவசம். 3 முதல் 9 வரை குழந்தை டிக்கெட் என்று பெயர், ஆனால் பெரியவர் விலையைவிடச் சில டாலர்தான் குறைவு.

ஆகவே முதல் வேலை, அவனைச் சுவரோடு நிறுத்தி அளப்பது. அங்கே போட்டுக்கொள்ளப்போகும் ஷூவோடு அளங்கள். காலையில் ஒரு முறை, இரவு தூங்கப்போகுமுன் ஒரு முறை. நாள் முழுக்க ஓடியாடியதில் முதுகெலும்பு அமுங்கி, மாலையில் ஏறக்குறைய ஒரு செ.மீ. வரை குறைவது சகஜம். காலையில் 97.4 காட்டும் பிள்ளை மாலை ஆறு மணிக்கு 96.6 காட்டலாம். ரைடு வாசலில் ஊழியர் ஒருவர் அளவுகோலோடு நிற்பார். பிள்ளை குதிகால் தரையில் பட, நேராகப் பார்த்தபடி அதன் அடியில் நிற்க வேண்டும். முடி உரசினால் கணக்கில் வராது, தலை தொட வேண்டும். கெஞ்சினாலும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. இருக்கையின் தடுப்புக் கம்பி அந்த உயரத்துக்குக் கீழே உள்ள உடலைப் பிடித்து நிறுத்தாது. எல்லைக்கோட்டில் இருக்கும் பிள்ளையை அத்தகைய ரைடுகளுக்குக் காலையிலேயே கூட்டிப்போங்கள். வீட்டில் வைத்து "நீயும் ஏறலாம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். க்யூவில் முக்கால் மணி நேரம் நின்ற பிறகு அக்கா உள்ளே போய், தான் மட்டும் வெளியே நிற்பது நான்கு வயதுக்கு மிகப் பெரிய துக்கம். அன்றைய பிற்பகல் அதோடு போயிற்று.

அளவு போதாத பிள்ளை இருக்கும் குடும்பத்துக்கு ரைடர் ஸ்விட்ச் என்ற ஏற்பாடு உண்டு, காசில்லை. எல்லோரும் சேர்ந்து ரைடு வாசலுக்குப் போய் ஊழியரிடம் கேட்க வேண்டும். பிள்ளைகளின் அப்பா மகளோடு க்யூவில் போவார், அவர்களின் அம்மா மகனோடு வெளியே இருப்பார். அப்பா வந்த பிறகு அம்மா குறுக்கு வழியில் போய் ஏறிவிடலாம், மகளும் அவரோடு இரண்டாம் முறை ஏறலாம். பலர் செய்யும் தவறு, மகனை ஸ்ட்ரோலரில் (பிள்ளைகளுக்கான தள்ளுவண்டியில்) எங்கோ உட்கார வைத்துவிட்டு ஒருவர் மட்டும் போய்க் கேட்பது. பிள்ளையும் காத்திருக்கும் பெரியவரும் கண்ணுக்கு எதிரே இருந்தால்தான் பதிவு செய்வார்கள்.

மகன் 97-க்கும் கீழே இருந்தால் ஓராண்டு தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன். இந்த வயதில் ஆண்டுக்கு 6, 7 செ.மீ. வளர்வார்கள், அடுத்த ஆண்டு 102-ஐ நெருங்கிவிடுவான். மகளுக்கு அப்போது 9, இன்னமும் குழந்தை டிக்கெட்தான். மிக்கி முகமூடிக்குள் ஆள் இருக்கிறார் என்று தெரிந்தும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் வயது அது. 11, 12-இல் அது போய்விடும். மூத்தது 10-க்குள், இளையது 102 செ.மீ.க்கு மேல்: இரண்டும் பொருந்தும் ஓரிரு ஆண்டுகள்தான் இந்தச் செலவு முழுதாகப் பலன் தரும் காலம். பெரியவர்கள் அடுத்த ஆண்டும் இங்கே இருப்பார்களா என்பதையும் சேர்த்துப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்த ஆண்டே போவதானாலும் ஜூலை வேண்டாம். ஆர்லாண்டோ ஜூலையில் 33 டிகிரி வெயில், காற்றில் ஈரம், பிற்பகல் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு மழை. அருகில் மின்னல் வெட்டினால் திறந்தவெளி ரைடுகள் அனைத்தையும் நிறுத்திவிடுவார்கள். உள்ளரங்க ரைடுகள் ஓடும், ஆனால் பார்க்கில் இருக்கும் அத்தனை பேரும் அங்கேதான் வந்து நிற்பார்கள். கூட்டம் குறைவது ஜனவரி கடைசி வாரம், ஆகஸ்ட் பிற்பாதி, செப்டம்பர், டிசம்பர் முதல் வாரம். ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் வெயில் தணியாது, புயல் பயமும் உண்டு. பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஜனவரிக் கடைசியும் டிசம்பர் முதல் வாரமும்தான் சரி. பள்ளிக்கு மூன்று நாள் லீவு போட வேண்டிவரும். மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அதில் பெரிய இழப்பில்லை. ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டால் போதும். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, ஈஸ்டரை ஒட்டிய விடுமுறை இரண்டையும் கட்டாயம் தவிருங்கள். டிக்கெட் விலையும் தேதியோடு சேர்ந்தே ஏறும். 2025-இல் ஒரு நாள் டிக்கெட் குறைந்தபட்சம் 119 டாலராக இருந்தது. அந்த ஆண்டுக் கிறிஸ்துமஸ் வாரத்தில் மேஜிக் கிங்டம் 199 டாலர். வரி தனி.

நான்கு பார்க்கில் எதை விடுவது என்பதையும் அதே இஞ்ச் டேப்பே சொல்லிவிடும். 1971-இல் திறந்த மேஜிக் கிங்டம்தான் சிறு பிள்ளைகளுக்கு உரியது. டம்போ, பீட்டர் பான், ஸ்மால் வேர்ல்டு, டீக்கப், ரயில் என்று உயரக் கட்டுப்பாடே இல்லாத ரைடுகள் அங்கேதான் அதிகம். அனிமல் கிங்டமில் கிலிமஞ்சாரோ சஃபாரிக்கு எந்த உயரமும் போகலாம். எப்காட் பாதி ரைடு, பாதி நடை. ஹாலிவுட் ஸ்டூடியோஸில் பெரிய ரைடுகள் ஏறக்குறைய எல்லாமே 97, 102, 122 என்று கோடு போட்டவை. மகன் 102-ஐத் தாண்டாதவரை அதற்கு ஒரு நாளும் ஒரு நாள் டிக்கெட்டும் செலவழிக்காதீர்கள். ஒரே நாளில் இரண்டு பார்க்குக்குத் தாவும் ஹாப்பர் டிக்கெட்டும் வேண்டாம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச் சேரவே வாசலுக்கு வாசல் முக்கால் மணி நேரம் ஆகிவிடும்.

இனி ஒரு நாள் எப்படிப் போக வேண்டும் என்று பார்ப்போம். பணம் வீணாவது பெரும்பாலும் இங்கேதான். டிக்கெட் காசு கொடுத்தாயிற்று, காலை ஒன்பதிலிருந்து இரவு வாணவேடிக்கை வரை ஒரு நிமிடம் விடக்கூடாது என்று நினைப்பதுதான் குடும்பங்கள் செய்யும் பெரிய பிழை. திறந்த முதல் இரண்டு மணி நேரத்தில் நான்கைந்து ரைடு முடிக்கலாம். பகல் பன்னிரண்டிலிருந்து நான்கு வரை, நான்கு மணி நேரத்தில் இரண்டுதான் முடியும், அதுவும் வெயிலில் நின்று. எனவே காலையில் திறக்கும்போதே உள்ளே இருங்கள், பன்னிரண்டரைக்கு வெளியே வந்துவிடுங்கள். சாப்பிட்டு, தூங்கி, நீச்சல்குளத்தில் விட்டு, ஐந்து மணிக்கு மேல் திரும்பப் போங்கள். ஒரே நாளில் எத்தனை முறையும் வெளியே போய் உள்ளே வரலாம், பார்க்கிங் கட்டணமும் அந்த நாளுக்கு ஒரு முறைதான். மாலையில் திரும்ப முடியாவிட்டாலும் கவலை வேண்டாம். காலை நேரத்திலேயே அன்றைய டிக்கெட்டின் பெரும்பகுதி தேறிவிட்டது.

காலையில் சரியாகப் போய்ச் சேர்வதில் மேஜிக் கிங்டமில் ஒரு சிக்கல் உண்டு. காரை நிறுத்தும் இடம் பார்க் வாசலில் இல்லை, ஏரிக்கு அந்தப் பக்கம். நிறுத்திவிட்டு, பை சோதனை முடித்து, மோனோரயிலிலோ படகிலோ ஏறி ஏரியைக் கடக்க வேண்டும். இதற்கு 30 முதல் 45 நிமிடம். ஒன்பது மணிக்குத் திறக்கிறார்கள் என்றால் எட்டு மணிக்கு முன்பே கார் நிற்க வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்கியிருப்பவர்களைப் பஸ் வாசலருகிலேயே இறக்கிவிடும். அவர்களுக்கு அரை மணி நேரம் முன்னதாக உள்ளே போகும் சலுகையும் உண்டு. ஆறு பேருக்கு அங்கே குடும்ப அறை எடுத்தால் விலை மிகவும் ஏறிவிடும். பக்கத்து ஊரான கிஸ்ஸிமியில் சமையலறையோடு மூன்று படுக்கையறை வீடு இரவுக்கு ஏறக்குறைய 200 டாலருக்குக் கிடைக்கும். சைவச் சாப்பாடு, பெரியவர்கள், மதியத் தூக்கம் மூன்றையும் வைத்துப் பார்த்தால் உங்களுக்கு வீடுதான்.

க்யூவைக் குறைக்கக் காசு கொடுக்கலாமா? 2024 ஜூலையிலிருந்து இருக்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸில் மூன்று ரைடுகளுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக்கொள்ளலாம். ஒன்றைப் பயன்படுத்திய பிறகு இன்னொன்று எடுக்கலாம். டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்களுக்கு ஏழு நாள் முன்பும் மற்றவர்களுக்கு மூன்று நாள் முன்பும், ஆர்லாண்டோ நேரம் காலை 7 மணிக்கு டிஸ்னியின் ஆப்பில் திறக்கும். டல்லாஸில் அப்போது 6 மணி. இந்த ஒரு மணி வித்தியாசத்தில் கோட்டைவிடுகிறவர்கள் நிறைய. மேஜிக் கிங்டமில் கூட்டத்தைப் பொறுத்து ஒரு தலைக்கு 25, 30 டாலருக்கு மேல் போகும், அந்த ஒரு நாளுக்கு நால்வருக்கும் வாங்குங்கள். அனிமல் கிங்டமுக்குத் தேவையே இல்லை. அது சீக்கிரமே திறக்கும், காலையிலேயே போனால் போதும். ட்ரான், ஃப்ளைட் ஆஃப் பாஸேஜ் போன்ற ஒன்றிரண்டுக்குத் தனியாகக் காசு கேட்கும் சிங்கிள் பாஸ் இருக்கிறது. மகள் மிகவும் ஆசைப்பட்டால், அவளுக்கும் கூடப்போகும் ஒருவருக்கும் மட்டும் எடுங்கள். நீங்கள் நேரம் குறித்த ரைடு மழையிலோ பழுதிலோ நின்றுபோனால் அந்தப் பாஸ் தானாகவே வேறு ரைடுகளுக்குச் செல்லும்படி மாறிவிடும். ஆப்பில் அதைப் பார்க்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா விஷயத்துக்கு வருகிறேன். பேரப்பிள்ளைகள் மகிழ்வதைப் பார்க்க அவர்களும் நான்கு நாளும் கூட வர வேண்டும் என்று நினைப்பது அன்புதான், ஆனால் முழங்கால் தாங்காது. ஒரு நாளில் 10 கி.மீ.க்கு மேல் நடை வந்துவிடும். வேண்டாம் என்று அவர்களே வாய் திறந்து சொல்லவும் மாட்டார்கள். பிள்ளைகள் செலவு செய்துவிட்டார்களே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நடப்பார்கள். ஒரு நாள் மட்டும் அவர்களுக்கு டிக்கெட் எடுங்கள், அது எப்காட் ஆகட்டும். அங்கே லிவிங் வித் தி லேண்ட் என்று ஒரு படகுச் சவாரி: மெதுவாகப் போகும், உட்கார்ந்தே பார்க்கலாம். கண்ணாடிக் கூடாரங்களுக்குள் மண்ணில்லாமல் தொங்கும் வேர்களில் தக்காளியும் கத்தரியும் காய்த்திருக்கும். வயல்வெளி பார்த்து வளர்ந்தவர்கள் இதில் இரண்டு தடவை போக விரும்புவார்கள். ஏரியைச் சுற்றிப் பதினொரு நாடுகளின் கூடங்கள் இருக்கின்றன, முழுச் சுற்று ஏறக்குறைய 2 கி.மீ. வாசலிலேயே வீல்சேர் வாடகைக்கு எடுத்துவிடுங்கள். "எனக்கெதற்கு அதெல்லாம்" என்று அம்மா சொன்னாலும் எடுங்கள், தள்ளிக்கொண்டாவது வரலாம். மதியம் அதில் உட்கார்ந்துவிடுவார். முன்பதிவு கிடையாது, காலையில் முதலில் வருகிறவர்களுக்குத்தான். சஃபாரி வண்டி நன்றாகக் குலுக்கும், முதுகுவலி இருந்தால் வேண்டாம்.

பார்க் இல்லாத ஒரு நாளில் ஆறு பேரும் அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலின் கிடானி பகுதியில் இருக்கும் சனா உணவகத்துக்குப் போங்கள். அதற்குப் பார்க் டிக்கெட் தேவையில்லை. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேய்ந்துகொண்டிருக்கும். 'பிரெட் சர்வீஸ்' என்று, 'நான்' முதலான இந்திய ரொட்டிகளோடு ஒன்பது விதத் தொட்டுக்கொள்ளல் வரும், ஊறுகாய் உட்பட. 60 நாள் முன்பே முன்பதிவு திறக்கும். பாட்டி தாத்தாவின் மனதில் இந்தப் பயணத்தில் நிற்கப்போவது பெரும்பாலும் அந்த ஜன்னல்தான்.

மற்ற நாள் சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள், வீட்டுச் சாப்பாட்டைப் பார்க்குக்குள் கொண்டுபோக அனுமதி உண்டு. கண்ணாடிப் பாத்திரம் கூடாது, உதிரி ஐஸ்கட்டி கூடாது, உறையவைத்த ஐஸ்பேக் கொண்டுபோகலாம். புளியோதரை, சப்பாத்தி ரோல், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் மதியம் வரை தாங்கும். தயிர்சாதம் மட்டும் ஐஸ்பேக் இல்லாமல் போனால் பதினோரு மணிக்கே புளித்துவிடும். தயிரைக் குறைத்துப் பாலை அதிகமாக ஊற்றிப் பிசைந்து, ஐஸ்பேக்கோடு வையுங்கள். உணவுக் கவுன்டர்களில் கேட்டால் ஐஸ் போட்ட தண்ணீர் காசில்லாமல் தருவார்கள், ஆறு பேருக்கும் பாட்டில் வாங்காதீர்கள். கவுன்டரில் வாங்கிச் சாப்பிடுவதானால், மெனுவில் இலைப் படம் போட்டவை முழுக்கத் தாவர உணவு. இறைச்சி பொரித்த அதே எண்ணெய்ச் சட்டியில் பொரித்திருக்கலாம், பெரியவர்களுக்கு அது முக்கியம் என்றால் கேட்டுக்கொள்ளுங்கள். மளிகைக்கும் தென்னிந்தியச் சைவச் சாப்பாட்டுக்கும் ஆர்லாண்டோவின் ஆரஞ்சு பிளாசம் டிரெயில் சாலைப் பக்கம் போனால் போதும்.

மகன் ஸ்ட்ரோலரை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தாலும் ஸ்ட்ரோலர் கட்டாயம் வேண்டும். வீட்டில் இருக்கும் மடக்கு ஸ்ட்ரோலரையே எடுத்துப்போங்கள், விமானத்தில் பொதுவாகக் கட்டணமில்லை. ரைடு வாசலில் விட்டுப்போகும்போது ஊழியர்கள் வரிசைப்படுத்தி நகர்த்திவைப்பார்கள். திரும்பி வந்தால் நூற்றுக்கணக்கில் ஒரே மாதிரி நிற்கும், கைப்பிடியில் பளிச்சென்ற நிறத்தில் ஒரு துணி கட்டிவையுங்கள். பணம், பாஸ்போர்ட் எதையும் அதில் விடாதீர்கள்.

பணம் கட்டுமுன் ஒரு ஒத்திகை பாருங்கள். டல்லாஸ் பக்கத்திலேயே ஆர்லிங்டனில் சிக்ஸ் ஃப்ளாக்ஸ் ஓவர் டெக்சஸ் இருக்கிறது, 1961-இலிருந்து நடக்கிறது. பிள்ளைகளோடு ஒரு சனிக்கிழமை போங்கள். க்யூவில் 40 நிமிடம் மகன் நிற்கிறானா, இருட்டையும் பெரிய சத்தத்தையும் தாங்குகிறானா, எத்தனை மணிக்குச் சோர்ந்து அழ ஆரம்பிக்கிறான் என்று கவனியுங்கள். பதினொன்றரைக்கே முடிந்துவிட்டதென்றால் ஆர்லாண்டோவிலும் பதினொன்றரைதான். டிஸ்னி ரைடுகளின் வீடியோக்கள் யூடியூபில் முழுசாக இருக்கின்றன. ஹான்டட் மேன்ஷனையும் மைன் ட்ரெயினையும் (கடைசியில் சூனியக்காரி வருவாள்) முன்பே போட்டுக் காட்டுங்கள். வீட்டில் சோபாவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற பிள்ளையை அங்கே ஏற்ற வேண்டாம்.

டிக்கெட்டை டிஸ்னியின் ஆப்பிலோ அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். "இரண்டு நாள் மீதமிருக்கிறது" என்று இணையத்தில் விற்கப்படும் பாதி பயன்படுத்திய டிக்கெட்டைத் தொடாதீர்கள். முதல் நாள் வாசலில் விரல் பதிவு எடுத்து டிக்கெட்டோடு இணைத்துவிடுவார்கள், மறுநாள் வேறு விரல் வந்தால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று நாள் டிக்கெட்டைத் தொடங்கும் தேதியிலிருந்து ஐந்து நாளுக்குள் பயன்படுத்தலாம். எனவே ஒரு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு, ஒரு நாள் பார்க், ஒரு நாள் ஓய்வு, கடைசி நாள் பார்க் என்று வைத்துக்கொள்ள இடமிருக்கிறது. ஓய்வு நாள்களில் ஒன்றில் சனா. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து போகவே முடியாமல் போனால் பணம் திரும்ப வராது. ஆனால் முழுக்கப் பயன்படுத்தாத டிக்கெட்டின் தொகையை வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ளலாம், விலை வித்தியாசம் இருந்தால் கட்ட வேண்டும். தேதி கடப்பதற்கு முன்பே ஆப்பில் மாற்றிவிடுவது சுலபம்.